'டை'யில் ஒரு கார்வை

திருவொற்றியூர்

அன்புள்ள கண்ணு,

நீ பாடி அனுப்பின ஆடியோவை நேற்று தேரடியில் காய்கறி வாங்கும்போதே போட்டுக் கேட்டேன். பஸ் சத்தத்தில் பாதி விழவில்லை. வீட்டுக்கு வந்து ஃபேனை நிறுத்திவிட்டு நாலு தடவை கேட்டேன். குரல் நன்றாகத் திறந்திருக்கிறது. ஓரிடம் மட்டும் உறுத்துகிறது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

வள்ளலார் நம் ஊர் வடிவுடையம்மன் மேல் பாடிய 101 பாட்டும் 'வடிவுடை மாணிக்கமே' என்றுதான் முடியும். அந்த 'டை'யில் நீ கார்வை கொடுக்கிறாய், அதாவது அந்த எழுத்தை நீட்டி நிற்கிறாய். கொடுத்த உடனே 'இ'க்குப் போய்விடுகிறாய். மிச்ச நேரமெல்லாம் 'டஇஇஇ' என்று மூக்கோரமாக இழுபடுகிறது. 'ஐ' ஒரே எழுத்துதான், வாய்க்குள் இரண்டு. 'அகர இகரம் ஐகாரம் ஆகும்' என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். கார்வை முழுக்க அந்த அகரத்தில் நில். 'மா'வுக்கு உதடு மூடப் போகிற நேரத்தில் 'இ' தொட்டும் தொடாமலும் வந்தால் போதும். அதற்காக வாயை ரொம்ப அகட்டாதே, 'வடிவுடா' என்று கேட்கும்.

'மே'யில் இருப்பது வேறு கோளாறு. நம் 'ஏ' ஒற்றை உயிர், தொடங்கின இடத்திலேயே முடியணும். உனக்கு அது 'மேய்' என்று முடிகிறது. ஆபீஸ் கொயரில் பாடுகிற இங்கிலீஷ் பாட்டில் 'டே', 'வே' எல்லாம் 'எ'யில் ஆரம்பித்து 'இ'யில் முடிகிற சொற்கள். அந்தப் பழக்கம் இங்கே ஒட்டிக்கொண்டது. அங்கேயும் முதல் பாதியில் நின்று கடைசியில்தான் மூடுவார்கள். 'ஓ'வையும் பார்த்துக்கொள், 'ஓவ்' ஆகிவிடப் போகிறது.

மேலே போகும்போது 'ஈ' வந்தால் பல் தெரிய இழுக்காதே. உன் 5 கட்டை சுருதிக்கு மேல் பஞ்சமம், அதாவது மேல் ஸ்தாயி 'ப', சுமார் 588 ஹெர்ட்ஸ். 'ஈ'க்கு வாய்க்குள் இருக்கும் முதல் ஒத்ததிர்வு, அதாவது உள்ளே காற்று தானாகப் பலமாக அதிர்கிற முதல் இடம், அதைவிட நன்றாகக் கீழே. அதனால்தான் குரல் நெருக்குண்டு மெலிகிறது. தாடையை இறக்கு, ஒத்ததிர்வு மேலே ஏறி ஒலி நிறையும். 'ஈ' கொஞ்சம் தளர்ந்து கேட்கும், பரவாயில்லை.

சின்ன வயசில் மொட்டை மாடியில் உன் தாடைக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு 'ஆ' என்று மட்டும் பாடிப் பழகுகிற அகார சாதகம் பண்ண வைப்பேனே, ஞாபகம் இருக்கா? அதே மாதிரி இப்போது உன் விரலை வை. 'டை'யில் 'இ'க்கு நழுவினால் தாடை ஏறுவது விரலுக்கு முதலில் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குக் கிளம்புவதற்குள் அந்த ஒரு வரியை மட்டும் பாடி அனுப்பு. சுருதியை மெதுவாக வை, உன் குரல்தான் எனக்குக் கேட்கணும்.

அம்மா