ஜாடி நாலுதான்

அன்பு மகள் ஜெனிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். மழை இந்த வருஷம் போதும் போதும் என்கிற அளவுக்குப் பெய்துவிட்டது. பின்வாசல் முருங்கை சாய்ந்துபோனதில் அம்மாவுக்கு இரண்டு நாள் துக்கம்.

போன ஞாயிறு நான் போனைப் பாதியில் வைத்தது தப்பு. நீ அனுப்பிய வீடியோவை அப்போது நான் பார்த்திருக்கவே இல்லை. பார்க்காமலேயே கத்திவிட்டேன். இப்போது இரண்டு தடவை பார்த்தாயிற்று. போனில் பேசினால் மறுபடியும் சத்தம்தான் வரும், எழுதுங்கள் என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுப் பையன் இதை ஸ்கேன் செய்து உனக்கு அனுப்புவான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ கோயிலுக்குப் போகிறாயா இல்லையா என்று கேட்க இதை எழுதவில்லை. நைட் டூட்டி முடித்துத் தூங்குகிறவளை ஆராதனைக்குப் போ என்று ஏழு கடல் தாண்டி எழுப்ப எனக்கு மனசில்லை. "இயேசுன்னு ஒருத்தர் இருந்ததே இல்லப்பா, எகிப்துல ஹோரஸ்ங்கிற சாமியோட கதையை அப்படியே பெயர் மாத்தி எழுதிட்டாங்க" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ விசுவாசத்தை விட்டால் எனக்கு வருத்தம்தான். ஆனால் சரிபார்க்காத கணக்கை நம்பி விட்டாய் என்றால், முப்பத்திநாலு வருஷம் பேங்கில் உட்கார்ந்தவனுக்குப் பொறுக்காது. தொகை எவ்வளவு அழகாக டேலி ஆனாலும் வவுச்சர் எங்கே என்று கேட்டே பழகிவிட்டது.

அந்த வீடியோ சொல்லும் கணக்கு இது: ஹோரஸ் டிசம்பர் 25 அன்று கன்னி வயிற்றில் பிறந்தான், கிழக்கே நட்சத்திரம் தோன்றியது, மூன்று ராஜாக்கள் வந்தார்கள், முப்பது வயதில் ஞானஸ்நானம், பன்னிரண்டு சீஷர்கள், சிலுவை, மூன்று நாள் கழித்து உயிர்த்தெழுதல். கேட்கிறவனுக்கு மூச்சு முட்டுகிறது. நடுவில் நிறுத்தி எதையாவது கேட்கத் தோன்றுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

சரி, கன்னியிலிருந்து ஆரம்பிப்போம். அப்பா மகளுக்கு எழுதக் கொஞ்சம் கூச்சமான சங்கதி. நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு இதிலென்ன என்று எழுதுகிறேன். ஹோரஸின் அப்பா ஒசிரிஸும் அம்மா ஐசிஸும் எகிப்தின் தெய்வங்கள், புருஷன் பெண்டாட்டி. ஒசிரிஸை அவன் தம்பி சேத் கொன்று பதினாலு துண்டாக்கி நாடெங்கும் வீசிவிடுகிறான். ஐசிஸ் தேடித் தேடிப் பொறுக்குகிறாள். ஆணுறுப்பு மட்டும் கிடைக்கவில்லை, நைல் மீன்கள் தின்றுவிட்டன. அதற்குப் பதிலாக ஒன்றை அவளே செய்துகொள்கிறாள். கிரேக்கரான புளூட்டார்க் எழுதி வைத்த கதை இது. எகிப்தின் அபிடோஸில் முதலாம் சேத்தி என்ற ராஜாவின் கோயில் சுவரில், கி.மு. 13-ஆம் நூற்றாண்டில், இதற்கு அடுத்த கட்டத்தைச் செதுக்கியே வைத்திருக்கிறார்கள். ஒசிரிஸின் உடல் கட்டிலில் கிடக்கிறது. ஐசிஸ் பருந்தாக மாறி அவன் இடுப்புக்கு மேலே இறங்குகிறாள். அப்படித்தான் ஹோரஸ் கருவாகிறான். செத்த புருஷனை விடாமல் துரத்திப் பிள்ளை வாங்கிய மனைவியின் கதை அது. அபாரமான கதை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதில் கன்னி எங்கே வருகிறாள்?

எகிப்தின் லக்சர் கோயிலில் இயேசு பிறப்பு அப்படியே செதுக்கப்பட்டிருக்கிறது என்று வீடியோ ஒரு படம் காட்டுகிறது. அது மூன்றாம் அமென்ஹோதெப் என்ற ராஜாவின் பிறப்பு, ஹோரஸின் பிறப்பு இல்லை. ஆமோன் தேவன் ராணியின் கணவன் உருவத்தில் வந்து அவளோடு கூடுகிறான். கல்வெட்டு இதை ஒளிக்காமல் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் க்னூம் என்ற தேவன் குயவன் மாதிரி சக்கரத்தில் பிள்ளையை வனைகிறான், தோத் என்ற இன்னொரு தேவன் வந்து ராணிக்குச் செய்தி சொல்கிறான். நம் லூக்காவில் காபிரியேல் முதலில் வருகிறார், படுக்கையறை வரவே இல்லை.

ராஜாக்கள் விஷயத்துக்கு எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பார். "சாஸ்திரிகள்" என்று இருக்கும். ராஜா என்றும் இல்லை, மூன்று பேர் என்றும் இல்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று இருப்பதால் பின்னாளில் ஆளையும் மூன்றாக்கிவிட்டார்கள். ஆறாம் வகுப்பில் நீ அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு, தாடி கழன்று விழ, மேடையில் நடந்தாயே, அந்த மூன்றாவது ராஜா பைபிளில் கிடையாது. டிசம்பர் 25-ம் அப்படித்தான். சுவிசேஷத்தில் எந்தத் தேதியும் இல்லை. ரோமில் 354-ஆம் ஆண்டு தொகுத்த ஒரு நாட்காட்டியில்தான் அது முதலில் தெளிவாகத் தெரிகிறது. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களுக்கு இன்றைக்கும் கிறிஸ்மஸ் ஜனவரி 7. ஆக, இந்தப் பட்டியலைப் போட்டவர் எகிப்துச் சுவரையும் பார்க்கவில்லை, பைபிளையும் பார்க்கவில்லை. கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையைப் பார்த்திருக்கிறார்.

அப்புறம் பன்னிரண்டு சீஷர்கள். நாங்கள் சபையாரோடு பரிசுத்த பூமி யாத்திரை போனபோது கெய்ரோ மியூசியத்தில் ஒரு மணி நேரம் விட்டார்கள். மற்றவர்கள் தங்க முகமூடிக்கு ஓட, நானும் அம்மாவும் கால் வலியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டோம். உள்ளே நாலு ஜாடி. ஒன்றின் மூடியில் மனிதத் தலை, ஒன்றில் குரங்கு, ஒன்றில் நரி, ஒன்றில் பருந்து. கைடு சொன்னார்: இவர்கள் ஹோரஸின் நாலு பிள்ளைகள். செத்தவனின் கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் நாலையும் ஆளுக்கு ஒன்றாகக் காவல் காக்கிறவர்கள். அம்மா "சட்டி நல்லா மூடியோட இருக்கு" என்றாள். ஹோரஸுக்கு நிரந்தரமாகக் கூட இருக்கும் ஆட்கள் என்றால் இந்த நாலு பேர்தான்.

பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்றால், ஜெரால்ட் மாஸி என்று ஒரு ஆங்கிலேயக் கவிஞர், 1828-ல் பிறந்தவர். சின்ன வயதில் பட்டு மில்லில் வேலை பார்த்து, தானே படித்து முன்னுக்கு வந்தவர். அந்த விதத்தில் எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. 1907-ல் அவர் சாகிற வருஷம் வெளியான பெரிய புத்தகம் வரைக்கும் இந்த ஒப்புமையைத்தான் தேடிக்கொண்டிருந்தார். பாதாள உலகச் சித்திரங்களில் கதிர் அறுக்கும் பன்னிரண்டு பேரைப் பார்த்ததும் சீஷர்கள் என்று எழுதிவிட்டார். எகிப்தியருக்கு இரவு பன்னிரண்டு மணி நேரம். அதனால் பாதாளச் சித்திரங்களில் பன்னிரண்டு பன்னிரண்டாக ஆள் நிற்பது சாதாரணம். பிணத்தைப் பதப்படுத்தும் நரித்தலைத் தேவன் அனுபிஸ், இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான்ஸ்நானன் ஆனதும் அவர் பேனாவில்தான். 2007-ல் இணையத்தில் ஒரு படம் இதையெல்லாம் உலகம் முழுக்கப் பரப்பியது. உன் வீடியோ அந்தப் படத்தின் பிள்ளை.

வார்த்தை விளையாட்டு இன்னும் மோசம். ஆங்கிலத்தில் மகனும் சன், சூரியனும் சன், அதனால் தேவகுமாரன் என்றால் சூரிய தேவன் என்கிறார்கள். இதைத் தமிழில் சொல்லிப் பாரேன். எகிப்தியனிடம் சொன்னாலும் இதே கதிதான்: அவனுக்கு மகன் "ஸா", சூரியன் "ரா". புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் ஒன்று ஹுயோஸ், இன்னொன்று ஹீலியோஸ். ஐசிஸின் பெயர் "ஐசிஸ்-மெரி", அதுதான் மரியாள் என்பதும் இதே ரகம். "மெரி" என்றால் பிரியமான என்று பொருள், ராம்சேஸ் ராஜாவே தன்னை "மெரியாமுன்", ஆமோனுக்குப் பிரியமானவன் என்று போட்டுக்கொண்டான். மீசை வைத்த மரியாளா அவன்? கிறிஸ்து என்ற சொல் எகிப்தில் பிணம் அடக்கம் செய்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். அது மேசியா, அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்பதன் கிரேக்க மொழிபெயர்ப்பு என்று சண்டே ஸ்கூல் பிள்ளை சொல்லும். நம் ஊரிலும் காதுக்கு ஒன்றுபோல் கேட்டால் போதும், உலகத்து ஊர்ப்பெயர் எல்லாம் தமிழ் என்று நிரூபிக்க ஆள் இருக்கிறார்கள்.

நம் பக்கத்து ஆட்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பாய். இல்லை. செங்கடலுக்கு அடியில் பார்வோனின் ரதச் சக்கரங்கள் கிடைத்துவிட்டன என்று ஒரு வீடியோ வந்ததே, அதை நாலு குரூப்புக்கு அனுப்பியவனே நான்தான். அப்படி ஒன்றும் நிரூபணமாகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. வாபஸ் வாங்கி எழுத வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். இதை உனக்கு மட்டும் சொல்கிறேன், நம் சபை ஐயர் காதுக்குப் போக வேண்டாம்.

மூன்று நாள் விஷயத்தில் உன் வீடியோவுக்கு ஒரு சின்ன வவுச்சர் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். எகிப்து நாட்காட்டியின் ஆத்தீர் மாதம் 17-ஆம் தேதி ஒசிரிஸ் மறைந்ததாகவும், 19-ஆம் தேதி இரவு பூசாரிகள் தண்ணீருக்குப் போய் "ஒசிரிஸ் கிடைத்துவிட்டான்" என்று கூவியதாகவும் புளூட்டார்க் எழுதுகிறார். எண்ணினால் மூன்று வரும்தான். ஆனால் எழுந்துவிட்டான் என்று கூவவில்லை, கிடைத்துவிட்டான் என்று கூவினார்கள். ஒசிரிஸ் பூமிக்குத் திரும்பவில்லை, செத்தவர்களின் உலகத்துக்கு ராஜாவாக அங்கேயே இருந்துவிட்டான். டியோடோரஸ் என்ற இன்னொரு கிரேக்கர், தண்ணீரில் செத்துக் கிடந்த ஹோரஸை ஐசிஸ் மருந்து கொடுத்து எழுப்பினாள் என்று எழுதியிருக்கிறார். அதையும் ஒத்துக்கொள்கிறேன். சிலுவை மட்டும் எங்கேயும் இல்லை. புளூட்டார்க் எழுதுவதற்கு முன்னாலேயே பவுல் கொரிந்தியருக்கு "மூன்றாம் நாள்" என்று எழுதிவிட்டார், அதுவும் "வேதவாக்கியங்களின்படி" என்று யூத வேதத்தைக் கை காட்டி. இதனால் இயேசு உயிர்த்தெழுந்தது நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அது விசுவாசம், அதற்கு நான் வவுச்சர் தர முடியாது. எகிப்திலிருந்து எடுத்தார்கள் என்பதற்கு வவுச்சர் இல்லை, அவ்வளவுதான்.

1922-ல் கண்டுபிடித்த தூத்தன்காமன் என்ற எகிப்து ராஜாவின் கல்லறையில் ஒசிரிஸ் உருவத்தில் ஒரு மரச்சட்டம் கிடைத்தது. ஆள் உயரம். அதற்குள் நைல் வண்டலைக் கொட்டி, தானியம் விதைத்து, தண்ணீர் தெளித்து, முளை விட்டதும் துணி சுற்றி உள்ளே வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்கு நம் தெரு அம்மன் கொடையில் பெண்கள் தலையில் தூக்கிப் போகும் முளைப்பாரிதான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாயே. இருட்டில் வளர்ந்த அந்த வெளிர் மஞ்சள் நாற்று, அதே நாற்று. எகிப்தியன் இங்கே வந்து மாரியம்மனுக்குச் சொல்லிக் கொடுத்தானா? விதையைப் புதைத்தால் முளைக்கிறது என்பதை அவனும் பார்த்தான், நம் ஆச்சிகளும் பார்த்தார்கள். கோதுமைமணி நிலத்தில் விழுந்து சாக வேண்டும் என்று இயேசு சொன்னதும் வயலைப் பார்த்துத்தான்.

கடன் வாங்கவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வாங்கிய இடத்தில் வவுச்சர் இருக்கிறது. அமெனெமோபே என்ற எகிப்தியர் எழுதிய புத்திமதி, முப்பது அத்தியாயம். அந்தப் பாப்பிரஸ் 1888-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக வாங்கப்பட்டது. 1924-ல் அடோல்ஃப் எர்மான் என்ற ஜெர்மானிய அறிஞர் அதை நீதிமொழிகள் 22, 23-ஆம் அதிகாரங்களோடு வைத்துக் காட்டினார். ஏழையைக் கொள்ளையிடாதே, பழைய எல்லைக்குறியை நகர்த்தாதே என்று வரிக்கு வரி வருகிறது. ஐசுவரியம் நமக்குக் கழுகைப்போலச் சிறகு முளைத்துப் பறக்கிறது, அவர்களுக்கு வாத்தைப்போல. பெரும்பாலான அறிஞர்கள் எகிப்து நூல்தான் மூத்தது என்கிறார்கள், வேதாகமக் கல்லூரிகளிலேயே இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதைக் கேட்டு எனக்குத் தலை ஒன்றும் கழன்று விழவில்லை. இரண்டு நூலிலும் இருக்கிற இன்னொரு புத்தி: "கோபக்காரனுக்குத் தோழனாகாதே." அம்மா இந்த வசனத்தைச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, பைபிளை என் மேஜையில் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அந்தப் பிரிட்டிஷ் மியூசியம் உன் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் என்று நீதான் சொன்னாய். உள்ளே போகக் காசும் இல்லையாமே. ஒரு ஆஃப் நாளில் போ. பாப்பிரஸ் வெளியே வைத்திருக்கிறார்களோ என்னவோ, ஜாடி கட்டாயம் இருக்கும். ஹோரஸின் ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போன் பண்ணு. இந்தத் தடவை வைக்க மாட்டேன்.

அப்பா