லிங்ஷி கேப்சூலும் நம் செம்பனை மரமும்

சுங்கை சிப்புட்
வெள்ளி இரவு

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மெட்ரிக்குலேஷனில் இடம் கிடைத்ததைப் படித்ததும் பார்வதிக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டாள். இங்கே மழைதான். லயத்துப் பக்கத்துச் சாலை மறுபடி குண்டும் குழியும். சரி, லிங்ஷி கேப்சூல் எடுக்கலாமா என்று நீ கேட்டதற்கு வருகிறேன்.

லிங்ஷி என்பது சீனர்கள் மருந்தாக எடுக்கும் ஒரு காளான். மருமகன் வாங்கித் தந்த அந்தக் கேப்சூலை நீ இன்னும் தொடவில்லை என்று எழுதியது பெரிய நிம்மதி. இதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினில் ஓடுகிற உடம்பு உன்னுடையது. ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கும் தன்மை லிங்ஷிக்கு உண்டு என்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் சின்னக் காயம்கூட நிற்காமல் கசியலாம். பிரஷரையும் சர்க்கரையையும் அளவுக்கு மீறி இறக்கிவிடலாம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. அடுத்த முறை ஐஎன்ஆர், அதான் ரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் சோதனை, பார்க்கப் போகும்போது போத்தலையே எடுத்துப்போய் மருந்து கொடுக்கிறவரிடம் காட்டு. காளான்தானே என்று மறைக்காதே.

எனக்குச் சிரிப்பு வருவது வேறு விஷயத்துக்கு. செம்பனை மரத்தை அடியிலிருந்து அழுகவைக்கும் கனோடெர்மா காளான் என்றாலே தோட்டத்துத் துரை முகம் சுருங்கிய காலம் நினைவிருக்கிறதா? குருத்துகள் விரியாமல் மூன்று நான்கு சேர்ந்து நிற்கும், கீழ்மட்டைகள் பாவாடை மாதிரி தொங்கும். அடிமரத்தில் பழுப்புத் தட்டுக் காளான் வெளியே தெரிவதற்குள் உள்ளே பாதிக்கு மேல் அழுகியிருக்கும். மருந்து கிடையாது, மறுநடவில் அடிக்கட்டையைத் தோண்டி எடுப்பதுதான் வழி. அந்தக் கனோடெர்மாவின் பங்காளிதான் இந்தக் கேப்சூலில் இருப்பது, இனம் வேறு. பழைய டிவிஷன் பையன் ஒருவன் மரத்தடிக் காளானையே வெட்டி அவித்துக் குடிக்கலாமா என்று கேட்டான். கூடவே கூடாது என்றேன். எந்த இனம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காளான் மண்ணிலுள்ள உலோகத்தையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். தோட்டத்தில் என்னென்ன அடித்தோம் என்று நமக்குத் தெரியாதா?

சர்க்கரை குறையும் என்று மருமகன் சொல்வதை நம்பி மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரையை விட்டுவிடாதே. 2015இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 5 சோதனைகளை, மொத்தம் 398 பேரை, அலசிப் பார்த்தார்கள். சர்க்கரைக்கோ இதயத்துக்கோ பலன் இருப்பதாக அவர்களுக்குத் தெரியவில்லை. புற்றுநோய்க்கும் தனி மருந்தாக ஆதாரம் போதாது. சிகிச்சையோடு துணையாகத் தரலாம் என்கிற அளவில்தான் பேச்சு. முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. வேறொரு காளானின் சாற்றை ஜப்பானில் 1977லேயே புற்றுநோய் சிகிச்சைக்குத் துணை மருந்தாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அது டாக்டர் கண்காணிப்பில் தருவது, காப்பிப் பொட்டலத்தில் கலந்து விற்பதல்ல. லிங்ஷித் தூள் சாப்பிட்டு ஈரல் கெட்டவர்களைப் பற்றியும் மருத்துவ ஏடுகளில் வந்திருக்கிறது.

போத்தலில் எழுதியிருப்பதே உள்ளே இருக்கிறதா என்பது இன்னொரு தலைவலி. அமெரிக்காவில் 2017இல் 19 லிங்ஷிப் பொருட்களைச் சோதித்ததில் 5 மட்டுமே லேபிளோடு ஒத்துப்போயின. நம் நாட்டில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்தென்றால் இலக்கங்களுக்குப் பின் டி (T) என்ற எழுத்து வரும். அந்த எண் நோய் தீரும் என்பதற்கு உத்தரவாதமல்ல, அதையும் மருமகனுக்குச் சொல்.

பார்வதியின் தங்கை இருமலுக்குப் புலிப்பால் காளான் எடுக்கிறாள், மலாய்க்காரர்கள் சொல்லும் சுசு ரீமாவ். காட்டில் ஓராங் அஸ்லி எனும் பூர்வகுடி மக்கள் மண்ணுக்கடியிலிருக்கும் அதன் கிழங்கை எடுத்து ஆஸ்துமாவுக்கும் இருமலுக்கும் கொடுத்து வந்தார்கள். ரப்பர் மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டைப் பரப்பிய ரிட்லி துரையும் இதைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். 50 பேருக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையில் மூச்சு எளிதானது என்கிறார்கள், ஆனால் வெறும் மாத்திரை கொடுத்த குழு வைத்து ஒப்பிடவில்லை. அவள் இன்ஹேலரை நிறுத்தாதவரை நான் வாய் திறப்பதில்லை.

மருமகனிடம் சண்டை போடாதே. பாசத்தில் வாங்கினான், கூடவே ஆள் சேர்க்கும் கணக்கும் இருக்கும். பெட்டி பிரிக்காததென்றால் திருப்பிக் கொடுக்கச் சொல். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கு வருகிறாய்தானே? எந்த ரயில் என்று எழுது, ஸ்டேஷனுக்கு மகனை அனுப்புகிறேன்.

அன்புடன்,
சுப்பையா