ஒரு சொட்டுத் தண்ணீர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளைப் போற்றிய கட்டுரையாளர், இயற்கையிடம் காட்டும் பணிவு ஒரு சொட்டுத் தண்ணீரையும் தராது என்று முடித்திருந்தார். அந்த வரியைப் படித்துவிட்டுக் காபியை ஆறவிட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

செங்கற்பட்டுப் பக்கம் ஏரிப் பாசன ஊரில் பிறந்தவன் நான். மதகைத் திறப்பதும் அடைப்பதும், வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டுவிடும் ஊர்ப் பணியாளரான நீர்க்கட்டியின் பொறுப்பு. எவ்வளவு பெரிய பண்ணைக்காரரும் தம் முறை வரும்வரை வரப்பில் காத்திருக்க வேண்டும். ஏரி பாதியே நிரம்பிய ஆண்டில், எல்லோரும் பாதி நிலத்தில்தான் நடவு செய்வது என்று ஊர் கூடி முடிவெடுக்கும். என் தந்தையார் முணுமுணுத்துக்கொண்டே கட்டுப்படுவார். பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. ஊரைக் கேட்க வேண்டாம், மழையைக் கேட்க வேண்டாம், சுவிட்சைப் போட்டால் போதும். அறுபது அடியில் கிடைத்த தண்ணீரை இன்று அறுநூறு அடியில் தேடுகிறார்கள்.

மதகும், ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கலங்கலும் தொழில்நுட்பம் இல்லையா? அவற்றைக் கட்டியவர்கள் பெய்த மழைக்கு மேல் ஆசைப்படவில்லை, அவ்வளவுதான். சோழர் காலத்து உத்திரமேரூரில் ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்குக் குடவோலையிட்டு ஓராண்டுக்கே ஆள் எடுத்ததும், கணக்குக் காட்டாதவரை மீண்டும் சேர்க்காததும் தாங்கள் அறியாதவை அல்ல.

சென்னைக்கான கடல்நீர் ஆலைகளில் மீஞ்சூர் ஆலை 2010இல் வந்தது, நெம்மேலி ஆலை 2013இல். நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறன். அவற்றை நான் பழிக்கவில்லை. அந்தத் தண்ணீரை நானும் குடிக்கிறேன். ஆனால் அவை இரண்டும் இருந்தபோதே 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளான பூண்டியும் சோழவரமும் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்ததைக் கட்டுரையாளர் எப்படி மறந்தார்? எங்கள் குடியிருப்பில், மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003 சட்டத்துக்குப் பயந்து வெட்டிய மழைநீர்க் குழியை, கார் நிறுத்த இடம் போதவில்லை என்று சிமென்ட் போட்டு மூடினார்கள். கேட்டதற்கு, "அதான் மெட்ரோ வாட்டர் வருதே சார்" என்றார் சங்கச் செயலாளர். (மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, லேக் இல்லாததை அங்கே யாரும் குறையாகச் சொல்வதில்லை.)

இதைக் குறித்து ஈராண்டுக்கு முன் எழுதிய கடிதத்தை மூன்று வரியாகச் சுருக்கி, என் பெயரையும் பிழையாக அச்சிட்டீர்கள். இடநெருக்கடி என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆலைக் கட்டுரைக்கு முழுப் பக்கமும் கிடைத்ததில் மகிழ்ச்சி.

என் வேண்டுகோள் சிறியது. பருவமழையின்போது நாள்தோறும் வெளியிடும் ஏரி நீர்மட்டப் பட்டியலைக் கோடையிலும் நிறுத்தாமல் வெளியிடுங்கள். நான்கைந்து வரிகள்தான், விளம்பரங்களுக்கு இடையூறு நேராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
தாம்பரம்