அறுக்கும் கைக்கு ஒரு சான்றிதழ் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்லடம் பக்கத்தில் பதினெட்டு வருடமாகக் கோழி அறுத்துச் சுத்தம் செய்து ஓட்டல்களுக்குக் கொடுத்து வருகிறேன். கறிக்கோழி என்றால் எல்லோரும் பல்லடம் விலையைத்தான் கேட்கிறார்கள், ஆனால் அந்தக் கோழியை முறைப்படி ஹலால் செய்யத் தெரிந்த ஆள் இங்கேயே கிடைப்பதில்லை.

இறைவன் பெயரைச் சொல்லி, அதாவது பிஸ்மி சொல்லி அறுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லைங்க. மூச்சுக்குழல், உணவுக்குழல், இரண்டு பக்கத்து ரத்தக்குழாய் எல்லாம் ஒரே இழுப்பில் அறுபட வேண்டும், தலை துண்டாகக் கூடாது. எங்களிடம் இருந்த பாய் நாலைந்து கூண்டு முடிந்ததும் கத்தியை நகத்தில் வைத்து இழுத்துப் பார்ப்பார், சொரசொரவென்று பட்டால் தீட்டாமல் அடுத்த கோழியைத் தொட மாட்டார். ரத்தம் வடிந்து அசைவு அடங்கும்வரை, இறகு பிடுங்குவதற்கான வெந்நீர்ப் பக்கம் கொண்டுபோக விடமாட்டார். போன ரம்ஜான் நெரிசலில், புதிதாக வந்த பையன் துடித்துக்கொண்டிருந்த கோழியைத் தூக்கி வெந்நீரில் போட்டுவிட்டான். எது எதுவென்று தெரியாததால் அந்தத் தொட்டியில் இருந்த எல்லாவற்றையும் ஒதுக்கினேன். சாப்பிடுகிறவர் நம்மை நம்பித்தானே சாப்பிடுகிறார்?

பாயிடம் தொழில் பழகிய இரண்டு பேரில் ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான், இன்னொருவன் துபாய்க்கு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே பிஎஃப், இஎஸ்ஐ இருக்கிறது. இங்கே விடியற்காலை மூன்று மணிக்கு ஈரத்தில் நின்று கோழிக்கு இவ்வளவு என்று கூலி, மணிக்கட்டு வீங்கினால் அன்றைக்கு ஒன்றும் கிடையாது. நானும் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன், அது தப்பு. இந்த வருடம் மாதச் சம்பளமாக மாற்றிவிட்டேன்.

சவுதி, அமீரகம், மலேசியா உள்ளிட்ட 15 நாடுகளுக்கு ஆடு, மாட்டு இறைச்சியை ஹலால் என்று ஏற்றுமதி செய்ய, 2024 அக்டோபரிலிருந்து இந்தியத் தரக் கவுன்சிலின் திட்டத்தில் சான்று வாங்கிய இறைச்சிக் கூடத்தில் தயாரானதாக இருக்க வேண்டும். சரி, கூடத்துக்குச் சான்று வாங்கிவிடலாம், உள்ளே கத்தி பிடிக்கிறவனுக்கு? இந்தோனேசியாவில் 2014-ல் போட்ட சட்டத்திலேயே, ஹலால் சான்று கேட்டு விண்ணப்பிக்கும் தொழில் நடத்துகிறவர் ஹலால் மேற்பார்வையாளர் வைத்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள்.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே மார்க்கம் தெரிந்த பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு, கத்தி தீட்டுவதிலிருந்து நோய்க்கோழி கண்டுபிடிப்பதுவரை மூன்று மாதப் பயிற்சி, உதவித்தொகையோடு நடத்தினால் பையன்கள் வருவார்கள். கைப்பழக்கத்துக்கு எங்கள் கூடத்தைத் தருகிறேன். பாய்க்கு வயதாகிவிட்டது, ஆனாலும் சொல்லிக்கொடுக்க வருகிறேன் என்கிறார். சீக்கிரம் ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
பல்லடம் வாசகர்