சின்னக் கோலங்களையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பரபரப்பைக் குறைத்துக்கொள்ள என்ன வழி என்று பத்திரிகைகளில் யோசனை வரும்போதெல்லாம் மூச்சுப் பயிற்சி, நடை, மாடித் தோட்டம் இவற்றோடு கோலத்தையும் சேர்த்துவிடுகிறார்கள். மார்கழி பிறந்தால் அச்சாவதோ 21 புள்ளிக் கோலம், ஏழெட்டு வண்ணம், நடுவில் மயில். விடிவதற்குள் முடித்தாக வேண்டுமே என்று இடுப்பு ஒடியப் போடுகிற கோலத்தில் நிதானத்துக்கு ஏது இடம்? கால் மணி நேரத்தில் முடிகிற அன்றாட வாசல் கோலம்தான் அந்த யோசனைக்குப் பொருந்தும். அதைப் புதிதாகப் பழகுகிறவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் மாவு. இடியாப்ப மாவு போல நைசாக இருந்தால் விரலில் ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாக விழும். பச்சரிசியை ஊறவைக்காமல் மில்லில் கொடுத்து, சன்ன ரவைப் பதத்துக்கு உடைத்து வாங்குங்கள். கழுவினால் நன்றாக உலர்ந்த பிறகே அரைக்க வேண்டும். கடையில் விற்கும் வெள்ளைக்கல் பொடி கனமானது, தடையில்லாமல் இறங்கும், எறும்புக்குத்தான் பயனில்லை. இரண்டையும் கலந்து போடுகிறவர்களும் உண்டு. கலந்த மாவு டப்பாவை மட்டும் அடுக்களையில் வைக்காதீர்கள், அவசரத்தில் அது அடைக்குப் போய்விடும்.

பெருக்கித் தண்ணீர் தெளித்ததும் உட்கார்ந்துவிடக் கூடாது. தரையில் பளபளப்பு இருக்கும்வரை மாவு நனைந்து கூழாகும். பளபளப்பு போய் ஈரம் மட்டும் நிற்கிற பதம்தான் சரி. வெயில் இல்லாத காலையில் மண் வாசலில் இதற்குச் சில நிமிடங்கள் போதும், சிமெண்டுத் தரையில் கூடுதலாகும். முழுக்கக் காய்ந்த தரையிலும் இழை நிற்காது, முதல் காற்றிலேயே பறக்கும். பலரும் செல்போனை எடுப்பது இந்த இடைவெளியில்தான். எடுத்தால் தரை காய்ந்துவிடும்.

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை மாவு. கட்டை விரல் மெல்ல உரச உரச மாவு இறங்க வேண்டும். கை தரையிலிருந்து ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலத்துக்கு மேல் உயர்ந்தால் இழை பரவிப் பட்டையாகிவிடும். கையை வேகமாக ஓட்டினால் கோடு விட்டுவிட்டு விழும். தயங்கினால் அந்த இடத்தில் குமியும். ஆக, எவ்வளவு வேகம் என்பதை மாவே சொல்லிக் கொடுக்கிறது. கோலம் மனத்தை அடக்குகிறது என்று சொல்வதெல்லாம் இந்தச் சிட்டிகையில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். குழலில் மாவை நிரப்பி உருட்டினால் கோலம் வரும், இந்த நிதானம் வராது.

புள்ளியை நடு வரிசையிலிருந்து வையுங்கள். "7 புள்ளி, 4 வரை, ஊடுபுள்ளி" என்றால் நடுவில் 7, மேலும் கீழும் 6, 5, 4, மொத்தம் 37. அடுத்த வரிசைப் புள்ளிகள் முந்தைய வரிசையின் இடைவெளிக்கு நேராக விழும். அதையே நேர்ப்புள்ளியாக, அதாவது புள்ளிக்கு நேரே புள்ளியாக, 7-லிருந்து 1 வரை வைத்தால் 7, 5, 3, 1 என்று இறங்கி 25 ஆகும். நடு வரிசையில் ஓர் இடைவெளி அகன்றால் அந்தக் கோணல் கடைசி வரிசைவரை கூடவே வரும். புள்ளி வைத்து முடித்ததும் ஒரு தடவை எழுந்து நின்று பாருங்கள். அப்போது அழிப்பது சுலபம்.

புள்ளிகளைச் சுற்றி இழை வளைந்து ஓடுகிற சிக்குக் கோலத்தில் எந்தப் புள்ளியும் இழைக்கு வெளியே நிற்கக் கூடாது, போட்ட இழை மேல் மறுபடி ஓடக் கூடாது. பழகுகிறவர்கள் 3 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி என்று தொடங்குகிறார்கள். இழை பாதியிலேயே வந்து மூடிக்கொண்டதும் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று அழித்துவிடுகிறார்கள். அது தப்பில்லை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வோர் இடத்திலும் இழை குறுக்காக வெட்டிப் போனால் மூன்றுக்கு மூன்றில் 3 தனிச் சுற்றுகள் வந்தே தீரும். மூன்றுக்கு நான்காக 12 புள்ளி வைத்தால் ஒரே இழை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வரும். இரண்டு எண்ணுக்கும் பொது வகுத்தி ஒன்றைத் தவிர வேறில்லை என்றால் ஒரே சுற்று, அவ்வளவுதான் கணக்கு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1970-களில் கணினி அறிவியல் ஆய்வுக்கே கோலத்தை எடுத்துக்கொண்டார். வாசலில் உட்கார்ந்து தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பன்னிரண்டு புள்ளியிலும் இழை முன்கூட்டியே மூடினால், எங்கோ வெட்டாமல் ஒதுங்கித் திரும்பியிருக்கிறீர்கள். அநேகமாக அது ஓரத்தில் இருக்கும்.

மாக்கோலத்துக்குப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து மைய அரைத்து, நீர்மோர்ப் பதத்துக்குக் கரைக்க வேண்டும். துணித் துண்டை நனைத்து உள்ளங்கையில் அடக்கிப் பிழிந்தால் மோதிர விரல் வழியாக இழை இறங்கும். போடும்போது மங்கலாகத்தான் தெரியும், காய்ந்த பிறகே வெளுக்கும். அதுவரை பொறுக்காமல் மேலே இன்னொரு தடவை போட்டால் தடித்து, காய்ந்ததும் செதில் செதிலாக உதிரும்.

அடுக்குமாடியில் வழுவழுப்பான டைல்ஸ் மேல் மாவு நிற்பதில்லை. இரண்டடிக்கு இரண்டடி கடப்பைக் கல் ஒன்றை, பாலிஷ் போடாத பக்கம் மேலாக வாசலில் போட்டுக்கொள்ளலாம். தெருவீடுகளில் சங்கடம் வேறு. வாசற்படி வரை பேவர் பிளாக் பதித்துவிடுகிறார்கள், இழை ஒவ்வோர் இடுக்கிலும் விழுந்து அறுபடுகிறது. வீட்டோரம் இரண்டடி மண்ணை உள்ளாட்சி நிர்வாகங்கள் விட்டுவைத்தால் மழைத் தண்ணீரும் இறங்கும்.

உங்களிடம் கேட்பது இதுதான். வாரம் ஒரு சின்னக் கோலத்தை, 40 புள்ளிக்குள், வண்ணமில்லாமல் வெளியிடுங்கள். நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, நடு வரிசை எது, சிக்குக் கோலமானால் எத்தனை சுற்று என்ற மூன்றையும் கீழே குறிப்பிடுங்கள். சுற்றுக் கணக்கு இல்லாததால்தான் பாதிப் பேர் அழித்து அழித்துப் போட்டு, கடைசியில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
கோலம் கற்றுக்கொடுக்கும் வாசகிகள் இருவர்,
மயிலாடுதுறை.