பெக்கோ வர முதல் ஒரு பட்டியல்

யாழ். குடாநாட்டு உள்ளூராட்சிச் சபைகளின் தவிசாளர்கள், செயலாளர்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் அனைவருக்கும்,

வணக்கம். பழைய வீடுகள் எந்த வேகத்தில் விழுகின்றன என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். புது வீட்டு வரைபடங்கள் உங்கள் மேசைக்குத்தானே வருகின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகள் காணியை விற்கிறார்கள், வாங்கியவர் மாடி கட்டுகிறார். அதில் பிழை சொல்ல வரவில்லை. நான் கூரை வேலை செய்பவன். புது வீடு எழும்பினால்தான் என் வீட்டிலும் அடுப்பெரியும்.

கடந்த மாரிக்கு முன்னர், தனியே இருக்கும் ஒரு வயோதிப அம்மாவின் வீட்டுக் கூரையைப் பார்க்கப் போனேன். தேங்காய் விழுந்து கலிக்கட் ஓடுகள் நொறுங்கியிருந்தன. அந்த ஓட்டின் அடிப்பக்கத்தில் செய்த கம்பனியின் முத்திரை இருக்கும். ஒரு கம்பனி ஓட்டின் பள்ளம் இன்னொன்றின் மேட்டோடு சரியாகக் கவ்வாது. வற்புறுத்திப் பொருத்தினால் முதல் மழைக்கே ஒழுகும். அதே முத்திரையில் எழுபது எண்பது ஓடு இருந்தால் போதும். சுன்னாகம், மானிப்பாய், கொடிகாமம் என்று விசாரித்தோம், கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பக்க ஓட்டை முழுதாக இறக்கிவிட்டுத் தகரம் போட்டேன். மத்தியானத்தில் அந்த அறைக்குள் அவவால் இருக்க முடியாது. பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிடுவா.

வேலை முடிந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். நாலு ஒழுங்கை தள்ளி, அதே முத்திரை ஓடு வேய்ந்த வீடொன்றைப் பெக்கோ இயந்திரம் விட்டு ஒரே காலையில் தரைமட்டமாக்கியிருக்கிறார்கள். முதிரை மரக் கதவு நிலைகளைக்கூடக் கழற்றவில்லை. ஓடு எங்கே என்று கேட்டேன். "பள்ளக் காணி நிரப்பப் போட்டாச்சு அண்ணை" என்றார் டிப்பர்காரத் தம்பி.

இடித்தவருக்கு ஓடு தேடுபவரைத் தெரியாது. தேடுபவருக்கு இடிக்கப்போவது தெரியாது. இடிப்பை முன்கூட்டியே அறிந்து இருவரையும் இணைக்கக்கூடிய இடம் உங்கள் அலுவலகம். ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: இடிக்க முதல் அந்த வீட்டில் உள்ள பொருட்களுக்கு ஒரு பட்டியல் கேளுங்கள்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. கைபேசியோடு வீட்டைச் சுற்றி வந்து, ஒரு படத்தின் விளிம்பு அடுத்த படத்திலும் விழும்படி எடுத்தால், அவற்றை இணைத்து முப்பரிமாண உருவம் ஆக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஓர் அளவை நாடாவால் அளந்து கொடுத்துவிட்டால் கதவு, யன்னல், கூரையின் பனஞ்சலாகை எல்லாவற்றின் நீள அகலமும் அதிலேயே எடுக்கலாம். ஏற முடியாத கூரைக்கு, கலியாண வீடெல்லாம் பறக்கிற ட்ரோன் போதும். மரம் எது, ஓட்டு முத்திரை எது, எத்தனை, எந்தத் திகதியில் இடிப்பு என்று எழுதி இணையத்தில் போட்டுப் பதினான்கு நாள் விட்டால் தேவைப்படுபவர் வந்து கழற்றிக்கொள்வார். நெதர்லாந்தில் 2017 முதல் மடாஸ்டர் என்ற தளம் கட்டடப் பொருட்களை இப்படிப் பதிந்து வைக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம் 2016 இலேயே, 1916 இலோ அதற்கு முன்போ கட்டிய வீடுகளை இயந்திரம் விட்டு நொறுக்கக் கூடாது, கழற்றித்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது.

கழற்றத் தெரியாத ஊரா இது? போரில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பியவர்கள் வெறும் சுவரைத்தானே கண்டார்கள்! அப்போது ஓட்டையும் நிலையையும் உடையாமல் கழற்றிய கைகளுக்கு இப்போது மட்டும் பொறுமை இல்லை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரின் கல்லை உளியால் முழுதாகவே பெயர்க்கலாம். அதை நொறுக்கிக் குளத்திலும் வெள்ள வாய்க்காலிலும் கொட்டுகிறோம். புதுக் கல்லுக்கு நிலத்தைத் தோண்டுகிறோம், நம் கிணற்று நீரை வைத்திருக்கும் அதே சுண்ணாம்புக்கல்லை. கார்த்திகையில் வெள்ளம் வந்ததும் பார்வையிட வாகனம் வரும், படமும் எடுப்பார்கள். நிற்கிற பனையைத் தறிக்க அனுமதி வேண்டும். கூரையில் வைரமேறிக் கிடக்கும் பனையை நசுக்க எவரும் ஒரு துண்டுக் கடதாசி கேட்பதில்லை. மேடையில் மட்டும் ஸ்மார்ட் நகரம்.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். புது வரைபடத்துக்கு இத்தனை பிரதி கேட்கும் நீங்கள், அந்தக் காணியில் பழைய வீடு நின்றால் மேலே சொன்ன பட்டியலையும் படங்களையும் சேர்த்துக் கேளுங்கள். இடிப்புத் திகதியை உங்கள் முகநூல் பக்கத்தில் போட்டாலே பாதி வேலை முடிந்தது. கழற்றியதை ஒரு மாரி காலம் நனையாமல் வைக்க, சபைக் காணியில் ஒரு கொட்டகை தந்தால் மிகவும் உதவி.

படிவம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், கூரை வேலைக்காரரும் தச்சு வேலைக்காரரும் சேர்ந்து எழுதித் தருகிறோம். அடுத்த சபை அமர்வில் இதை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து ஒரு கூரை வேலைக்காரன்