மருந்தடிக்கும் காலத்தில் கர்ப்பிணித் தாய்மாரைப் பாதுகாக்கக் கோரல்

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
போரதீவுப்பற்று,
மட்டக்களப்பு.

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

நாங்கள் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வேளாண்மையை நம்பிச் சீவிக்கும் குடும்பங்களின் பெண்கள். மாரிப்போகம் நெருங்குவதால் இதை இப்போதே எழுதுகிறோம்.

வயலுக்குப் பூச்சிமருந்தடிப்பது ஆண்களின் வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மெஷினை முதுகில் கொழுவுவது அவர்கள்தான், சரி. வாய்க்காலில் தண்ணீர் அள்ளிக் கொடுப்பதும், மூடியால் மருந்தை அளந்து ஊற்றுவதும், மறுநாளே வயலில் இறங்கிப் புல்லுப் பிடுங்குவதும் பல வீடுகளில் பெண்கள்தான். பின்னேரம் மருந்தில் நனைந்த சாரனையும் சேட்டையும் கிணற்றடியில் வெறுங்கையால் கசக்குகிறோம். அதே வாளியில் பிள்ளைகளின் உடுப்பும் ஊறுகிறது. மிஞ்சிய போத்தல் அடுப்படி மூலைக்குப் போகிறது. வயிற்றில் பிள்ளை இருந்தாலும் இதில் ஒன்றும் மாறுவதில்லை.

பூச்சியின் நரம்பைத் தாக்கும் ஓகனோபொஸ்பேட் வகை மருந்துகள் மனிதரின் நரம்பையும் அதே வழியில்தான் தாக்குகின்றன. தோலால் உள்ளே போகும், நச்சுக்கொடியைத் தாண்டிக் கருவையும் சேரும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சலினாஸ் பள்ளத்தாக்கின் விவசாயக் குடும்பங்களில் 1999 இல் தொடங்கிய ஆய்வு ஒன்று கர்ப்பிணிகளையும் அவர்களின் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்தது. சிறுநீரில் இந்த மருந்துகளின் எச்சம் ஆகக் கூடுதலாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள், ஆகக் குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகளைவிட 7 வயதில் நுண்ணறிவுச் சோதனையில் ஏறத்தாழ 7 புள்ளிகள் பின்தங்கியிருந்ததாக 2011 இல் அறிவித்தார்கள்.

எங்கள் ஊரில் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மருந்துதான் காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சத்துக்குறைவும் இரத்தச்சோகையும் இங்கே தாராளமாக இருக்கின்றன. ஆனால் கிளினிக்கில் எல்லாம் விசாரிக்கிறார்கள், "வயலுக்குப் போறியா, மருந்துச் சட்டை தோய்க்கிறியா" என்று மட்டும் கேட்பதில்லை. விவசாயக் கூட்டத்தில் ஏக்கருக்கு எவ்வளவு என்று சொல்கிறார்கள், வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பற்றிப் பேச்சே இல்லை. கையுறை, முகமூடி என்று படம் காட்டுவார்கள். மட்டக்களப்பு வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வயலில் நின்று பார்த்தவர்கள் காட்டினால் நல்லது.

பிள்ளையின் உறுப்புகள் பெரும்பாலும் உருவாவது கருத்தரித்து மூன்றாம் கிழமையிலிருந்து எட்டாம் கிழமைக்குள். கிளினிக்கில் பதிந்து கர்ப்பிணி அட்டை போடும்போது அந்தக் காலம் பலருக்கு முடிந்துவிடுகிறது. ஆகவே கர்ப்பம் தெரிந்த பின் எச்சரிப்பது போதாது. குடும்பநல உத்தியோகத்தர் புதுமணத் தம்பதியரைப் பதிந்து போலிக் அசிட் குளிசை கொடுக்கும்போதே இதையும் சொல்ல வேண்டும், கணவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கர்ப்பிணியின் பதிவேட்டிலும் இதற்கு ஒரு கேள்வி சேர்க்கப்பட வேண்டும்.

தங்களிடம் நாங்கள் முக்கியமாகக் கேட்பது வேறொன்று. போக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்புத் திகதி எல்லாம் தீர்மானிக்கிறீர்கள். அந்த மேசையில் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்திலிருந்தும் ஒருவர் இருக்க வேண்டும். எந்த வட்டையில் (வயற்பகுதியில்) எந்த நாட்களில் மருந்தடிப்பார்கள், அடித்தபின் எத்தனை நாள் வயலில் இறங்கக்கூடாது என்பதை வட்டையின் வேலைகளைப் பார்க்கும் வட்டவிதானைமார் மூலம் வீடுகளுக்கு முன்கூட்டியே அறிவிக்கச் செய்யுங்கள். அந்த நாட்களில் கூலி வேலையை இழக்கும் கர்ப்பிணிக்கு உலர் உணவாவது கிடைக்க வழிசெய்யுங்கள். இல்லாவிட்டால் அவள் எப்படியும் வயலுக்குப் போவாள்.

இம்முறை ஆரம்பக் கூட்டத்துக்கு முன் எமக்கு ஒரு பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
சங்க உறுப்பினர்கள்

பிரதிகள்: பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்; பிரதேச செயலாளர், வெல்லாவெளி